ஆமென் சொன்ன இடம்

சமாதானம் பண்ண வருகிறவர்கள் எல்லாரும் ஜீப்பில்தான் வருகிறார்கள். இதை நான் சிஸ்டர் இன்பமேரியின் முகத்துக்கு நேராகவே சொன்னேன். சேலத்திலிருந்து அவர் எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு முதல்முறை வந்த அன்றைக்கே சொன்னேன்.

"கோவக்காரப் பொண்ணா இருக்கியே. அதுக்குத்தாம்மா உன்னைச் சமாதானக் குழுவில போட்டிருக்கோம்" என்று சிரித்தார்.

நான் நம்பவில்லை. என்னைப் போட்டதற்குக் காரணம் வேறு. மேல்லைன், கீழ்லைன் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் பி.ஏ. படித்தவள் நான் ஒருத்திதான். கூட்டத்தில் பேசுவதை எழுத ஆள் வேண்டும். அதோடு, இரண்டு லைனுக்கும் நடக்கிற கல்லெறிக் கேஸில் முதல் குற்றவாளி என் தம்பி மரியஅந்தோணி. அக்காவை உள்ளே வைத்துக்கொண்டால் தம்பி பக்கத்து ஆட்கள் வாலாட்ட மாட்டார்கள். கணக்கு அவ்வளவுதான்.

மேல்லைனில் இருக்கிற நாங்கள் கத்தோலிக்கர்கள். கீழ்லைனில் இருப்பவர்கள் புராட்டஸ்டண்டு சபைக்காரர்கள். ஒரே சாதி, ஒரே சனம். ஏதோ ஒரு பஞ்சத்தில் அடிவாரத்திலிருந்து காப்பித் தோட்ட வேலைக்கு ஒன்றாக மலையேறினவர்கள். பாதிப் பேருக்குக் கத்தோலிக்கச் சாமியார் கஞ்சி ஊற்றினார், மீதிப் பேருக்கு வெள்ளைக்காரப் பாதிரி ஊற்றினார். எந்தக் கை கஞ்சி ஊற்றியதோ அந்தக் கோயிலுக்குப் போனார்கள். எங்கள் இரண்டு பக்கத்து விசுவாசத்தின் வரலாறு இதுதான். வரலாறு படித்தவள் சொல்கிறேன். இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் என்னை அடிக்க வருவார்கள்.

அப்படியும் மாமா, மச்சான் என்று முறை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். எண்பத்து நாலாம் வருசத்து மாதா தேர்தான் அதைக் கெடுத்தது. எங்கள் தேர் எப்போதும் போல கீழ்லைன் ரோட்டில் போனது. அன்றைக்கு அவர்கள் சபையில் மைக் கட்டி விசேஷக் கூட்டம். "பேண்டு வாத்தியத்த நிறுத்துங்க" என்றார்கள். "உங்க மைக்க நிறுத்துங்க" என்றோம். கரண்ட் போனது. இரண்டு பக்கமும் கல் பறந்தது. கரண்ட் வந்தபோது கீழ்லைன் யாக்கோபு தலையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தார். தேர்க்கயிற்றின் முன்னால் நின்ற அந்தோணியைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது.

அன்றிலிருந்து தண்ணீர்க் குழாய் எங்கள் பக்கம், பஸ் ரோடு அவர்கள் பக்கம். அவர்கள் தண்ணீருக்கு ஓடைக்குப் போகிறார்கள். நாங்கள் பஸ்ஸுக்குக் காப்பிக் காட்டைச் சுற்றிப் போகிறோம். யாக்கோபு மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த நான், எதிரில் பார்த்தால் "ஏனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

இது நடந்து கேஸ் இரண்டாவது வருசத்தில் இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தோணிக்கு அரசு பஸ் டிரைவர் வேலைக்குப் பேர் வந்தது. எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்று ஒன்றைப் பார்த்தவர் யாரும் கிடையாது. ஆனால் கேஸ் முடியாமல் ஆர்டர் தர முடியாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். வக்கீல் ஒரே வழி சொன்னார். "அடிபட்ட ஆளு கோர்ட்டுல வந்து ராஜி ஆயிட்டோம்னு சொல்லணும். சொன்னா அன்னிக்கே கேஸ் முடிஞ்சுது." ஜனவரிக் கடைசியில் வாய்தா. யாக்கோபு ஒரு வார்த்தை சொன்னால் என் தம்பி ஸ்டியரிங்கைப் பிடிப்பான். சொல்லாவிட்டால் காப்பிப் பழக் கூடைதான்.

அதனால்தான் நான் குழுவில் உட்கார்ந்தேன். சமாதானத்துக்காக இல்லை.

பால்வாடிக் கொட்டகையில் கூட்டம். சிஸ்டர், கீழ்லைன் பாஸ்டர் தானியேல், எங்கள் உபதேசியார் பாக்கியநாதன், யாக்கோபு, நான். சாமியார் வராத நாளில் எங்களுக்குச் செபம் நடத்துகிறவர் உபதேசியார். சிஸ்டர் முதலிலேயே ஒரு சட்டம் போட்டார். "பழச யாரும் கிளறக் கூடாது. யாரு எறிஞ்சா, எதுக்கு எறிஞ்சாங்கிற பேச்சே வேண்டாம். முன்னால பாப்போம்." எல்லாரும் தலையாட்டினார்கள். யாக்கோபு மட்டும் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

கிறிஸ்தவ ஒற்றுமை வாரத்தில் இரண்டு லைனும் ஒன்றாக நின்று கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்ல வேண்டும் என்று முடிவானது. நான் எழுதிக்கொண்டிருந்தேன். பாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"செபம்னு எழுதாதம்மா. ஜெபம்னு எழுது."

"நாங்க செபம்னுதானுங்க எழுதறது" என்றார் உபதேசியார்.

"தமிழ்ல எதும்மா சரி?" சிஸ்டர் என்னைக் கேட்டார்.

"பிரார்த்தனைன்னு எழுதிக்கிறேன்" என்றேன்.

"அது இந்துக்க சொல்றது!" உபதேசியாரும் பாஸ்டரும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்றைக்கு அவர்கள் ஒன்றுபட்டது அந்த ஒரு இடத்தில்தான்.

அடுத்து, எந்தச் செபம்? எங்கள் கோயிலில் புதுசாக 'விண்ணகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே' வந்துவிட்டது. அவர்களுக்கு 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே'. எங்கள் பெரியவர்களுக்கும் பழையது தெரியும் என்பதால் பிதாவே என்று முடிவானது. ஆனால் கடைசியில் ஒரு முடிச்சு. 'தீமையினின்று எங்களை இரட்சித்துக்கொள்ளும்' என்றதும் நாங்கள் ஆமென் சொல்லிவிடுவோம். அவர்களுக்கு அதற்குப் பிறகும் ஒரு வரி இருக்கிறது. 'ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே' என்று முடித்துத்தான் ஆமென்.

"ஆமென் சொல்லிட்டு அப்பறம் வரி சொன்னா, பஸ்ஸு போனதுக்கு அப்பறம் விசிலடிச்ச மாதிரிங்க" என்றார் உபதேசியார்.

"பாதிலயே எறங்கிக்கறவங்களுக்கு அப்படித்தான் தெரியும்" என்றார் பாஸ்டர்.

சிஸ்டர் கையைத் தூக்கினார். "அவங்கவங்க வழக்கப்படி சொல்லுங்க. முன்னால முடிச்சவங்க அமைதியா நில்லுங்க. இதுக்கா சண்டை?"

கூட்டம் கலையும்போது பாஸ்டர் சொன்னார். "இது நல்லபடியா நடந்துட்டா யாக்கோபு வாய்தாவுல ராஜி சொல்லிருவாரு." யாக்கோபு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த ஆளின் வாயைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, செபமாலை முடிந்ததும் உபதேசியார் கோயில் கதவைச் சாத்தினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. அவிங்க அந்தக் கடைசி வரியச் சொல்றப்ப நாம வாய மூடிட்டு நின்னா நல்லாருக்காது. திமிருன்னு நெனப்பாங்க. நாமளும் சேந்து சொல்லிருவோம். அதுல ஒண்ணும் பாவம் இல்லீன்னு சாமியாரே சொல்லிட்டாரு."

பிறகு எல்லாருக்கும் வரியைக் கற்றுக்கொடுத்தார். பழகாத வாய்களில் 'உம்முடையவைகளே' வழுக்கி வழுக்கி விழுந்தது. ஆராயி அத்தை 'உம்முடைய வைக்கோலே' என்றாள். பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

நான் எழுந்து கேட்டேன். "ஏனுங்க உபதேசியாரே, இத அவங்களுக்குச் சொல்லியாச்சுங்ளா?"

"சொல்லிட்டா அப்பறம் அதுல என்ன கண்ணு இருக்குது? அவிங்களே காதுல கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும்."

"நல்லது பண்றதுன்னா சொல்லிட்டுப் பண்ணக் கூடாதுங்ளா?"

"ஒனக்குப் படிச்சதுல இருந்து எல்லாமே கோணலாத்தான் தெரியுது" என்றார்.

கோணலாகத்தான் தெரிந்தது. சிஸ்டர் முன்னால், எங்கள் ஆட்கள் எவ்வளவு பெரிய மனசுக்காரர்கள் என்று காட்டி நல்ல பேர் வாங்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் சும்மா இருந்தேன். எனக்கு வேண்டியது ராஜி.

கூட்டுச் செபம் பெரட்டுக் களத்தில் நடந்தது. காலையில் ரைட்டர் பேர் கூப்பிட்டு ஆள் பிரிக்கிற அந்த இடம் ஒன்றுதான் இரண்டு லைனுக்கும் பொது. வேலை என்று வந்தால் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டு என்று எஸ்டேட் பார்ப்பதில்லை. சில்வர் ஓக் மரத்தடியில் சிஸ்டரும் பாஸ்டரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள், நடுவில் ஒரு லாரி போகிற அளவுக்கு இடம். வாழவந்திக்குப் போகிற வழியில் வேடிக்கை பார்க்க நின்ற மலைக்காரர் சித்தன் என் பக்கத்தில் வந்து கேட்டார்.

"ஏஞ்சாமி, உங்க ரெண்டு கட்சிக்கும் சாமி ஒண்ணுதான?"

"ஒண்ணுதானுங்க."

"அதான் தகராறு. எங்களாட்டம் ஆளுக்கொண்ணு வெச்சிருந்தீங்கன்னா இந்த வம்பே இல்லியே" என்றார்.

செபம் ஆரம்பித்தது. உண்மையைச் சொல்கிறேன், நன்றாகவே இருந்தது. அத்தனை குரலும் ஒன்றாகப் போனபோது, தண்ணீரையும் ரோட்டையும் மறித்துக்கொண்டு நிற்கிறவர்கள் என்று சொல்ல முடியாது. 'எங்களுக்கு விரோதமாய்க் குற்றம் செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்ற இடத்தில் நான் யாக்கோபைப் பார்த்தேன். அவர் உதடு அசைந்தது. 'தீமையினின்று எங்களை இரட்சித்துக்கொள்ளும்' வந்தது.

"ஆமென்" என்றார்கள் கீழ்லைன்காரர்கள், பளிச்சென்று.

நின்றுவிட்டார்கள்.

"ராஜ்யமும் வல்லமையும்" என்று எங்கள் ஆட்கள் தனியாக ஆரம்பித்தார்கள். ஆரம்பித்ததை நிறுத்தத் தெரியவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து துணைக்குக் குரல் வரவில்லை. உபதேசியார் தொண்டையைத் தூக்கி இழுத்துக்கொண்டு போனார். பின்னால் ஆளாளுக்கு ஒரு வேகத்தில் போய், கடைசியில் ஆராயி அத்தையின் 'வைக்கோலே' மட்டும் தனியாகக் கேட்டது. அந்தப் பக்கம் யாரோ சின்னப் பிள்ளைகள் சிரித்தன.

"எங்க ஜெபத்தக் கேலியா பண்றீங்க?" கீழ்லைனிலிருந்து ஒரு ஆள் முன்னால் வந்தான்.

"கேலியா? நாங்க சொல்றோம்னு தெரிஞ்சுதான வேணும்னே வாய மூடிட்டீங்க? எங்க வாயில வந்தா உங்க செபம் தீட்டாயிருமோ?" இது எங்கள் பக்கம்.

"வைக்கோலாம்! மாட்டுக்காடா போடறீங்க எங்க சாமிய?"

லாரி போகிற இடம் ஆள் போக இடமில்லாமல் நிரம்பியது. சிஸ்டர் "அன்பானவர்களே" என்று கத்தினார், யாருக்கும் கேட்கவில்லை. சட்டை கிழிந்தது, ஒரு செருப்பு பறந்தது. எஸ்டேட் வாட்ச்மேன் வந்து விலக்கினார். சிஸ்டரின் ஜீப் கிளம்பிப் போனது. தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது பாஸ்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். "இனி ராஜி கீஜின்னு யாரும் எங்ககிட்ட வர வேண்டாம்மா."

வேணுமென்றேதான் பண்ணியிருக்கிறார்கள் என்று நானும் நினைத்தேன். ராஜி சொல்லாமல் தப்பிக்க ஒரு சாக்கு வேண்டும். செபத்திலேயே சாக்குக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் வேலை விட்டதும் நான் காட்டைச் சுற்றாமல் நேராகக் கீழ்லைனுக்குள் நடந்தேன். வாசல் வாசலாக எட்டிப் பார்த்தார்கள். யாக்கோபின் மனைவி கிருபையம்மா வெளியில் ஓடைத் தண்ணீரைத் துணி போட்டு வடிகட்டிக்கொண்டிருந்தார்.

"ஆரு உன்னைய அனுப்பிச்சது? உபதேசியாரா, சிஸ்டரா?"

"என் காலுதானுங்க அனுப்பிச்சுது."

"வாயி மட்டும் கொறையல." குடத்தை நகர்த்தினார். "என்னத்துக்கு வந்த?"

"ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். எதுக்குப் பாதியில நிறுத்துனீங்க? ராஜி சொல்ல இஷ்டமில்லீன்னா நேரா சொல்லீருக்கலாமில்ல? சாமி பேரச் சொல்லித்தான் ஏமாத்தணுமா?"

கிருபையம்மா நிமிர்ந்தார். "நாங்களா ஏமாத்துனோம்? அடிப்பாவி, பாஸ்டர் ஐயா நாலு நாளாச் சொல்லிச் சொல்லிப் பழக்கி வெச்சாரு. 'அவங்க ஆமென் சொல்ற எடத்துலயே நாமளும் நிறுத்திக்குவோம். மேல சொன்னா, முழு ஜெபம் எங்களுக்குத்தான் தெரியும்னு பெருமையடிச்ச மாதிரி ஆயிரும்'னு. எனக்குப் பாதிலயே நிறுத்துனது, சோத்துல கைய வெச்சுட்டு எந்திரிச்ச மாதிரி இருந்துது. நீங்க என்னடான்னா எங்க வரியவே எடுத்து எங்க மேல வீசறீங்க!"

நான் அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டேன். "அக்கா, எங்காளுங்க கோயில் கதவச் சாத்திட்டு அந்த வரியக் கத்துக்கிட்டாங்க. உங்களுக்கோசரம்."

அவர் என் முகத்தையே பார்த்தார். பொய்யா என்று தேடினார். நானும் அவர் முகத்தில் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

"அந்த வைக்கோலு?"

"ஆராயி அத்தைக்கு நாக்கு சுத்தலீங்க."

கிருபையம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு சந்தேகம் திரும்பி வந்தது. "நெசமாத்தான் சொல்றியா? இல்ல ராஜிக்கோசரம் சோடிக்கிறியா?"

"சோடிக்கிறதுன்னா வைக்கோலயா சோடிப்பேன்?"

உள்ளேயிருந்து யாக்கோபு வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"ஜெபம் கெடக்குது புள்ள. அது மேல இருக்கறவருக்கும் பாஸ்டருக்கும். எனக்கு வேற ஒண்ணு வேணும்."

"சொல்லுங்க."

"எத்தன கூட்டம் போட்டாங்க! ஒருத்தராவது எங்கிட்ட உனக்கு எப்பிடி அடிபட்டுதுன்னு கேட்டாங்களா? பழசக் கிளறாத, பழசக் கிளறாதன்னாங்க. எனக்கு எங்க பழசாச்சு? குனிஞ்சு பழம் பொறுக்குனா தல சுத்துது. தெனமும் புதுசாத்தான் இருக்குது." துண்டை அவிழ்த்தார். தையல் போட்ட இடத்தில் முடி முளைக்கவில்லை. "கல்ல எறிஞ்சது உந்தம்பியா? அவன் வாயால எங்கிட்டச் சொல்லட்டும். ஆமான்னா ஆமா, இல்லீன்னா இல்ல. அத்தனதான்."

"சொன்னா ராஜி சொல்லுவீங்ளா?"

"அது அப்பறம்."

"அவன் ஆமான்னு சொல்லி, நீங்க அதயே கோர்ட்டுல சொல்லீட்டா?"

"சொன்னாலும் சொல்லுவேன். வாக்கெல்லாம் குடுக்க மாட்டேன்."

பொறி என்று எனக்குப் பட்டது. எலிக்குத் தெரிகிற மாதிரியே திறந்து வைத்த பொறி. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அத்தனை நாளில் நானும் அந்தோணியிடம் அதைக் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் யாருமே கேட்டதில்லை. எறியவில்லை என்றுதான் ஊரெல்லாம் சொன்னோம். அவனிடம் கேட்டுவிட்டுச் சொல்லவில்லை.

அவன் கோயில் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தான்.

"டேய், அந்தக் கல்ல நீ எறிஞ்சியா?"

கோடாலி கட்டையில் நின்றது. "வக்கீலு வாயத் தொறக்காதன்னாரு."

"நான் என்ன ஜட்ஜா?"

கோடாலியைப் பிடுங்கிக் கீழே வைத்தான். "எறிஞ்சேன்க்கா. இருட்டுல எறிஞ்சேன். ஆரு மேலன்னு பாத்து எறியல. ஐயோன்னு சத்தம் வந்தப்ப யாக்கோபு மாமா கொரல்னு தெரிஞ்சுபோச்சு."

அவர் கேட்டதை அவனிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, "நீ வாயத் தொறக்காத" என்றேன். "அந்தாளு ஆமான்னு கேட்டுட்டுக் கோர்ட்டுல ஒப்பிச்சிருவாரு. வேலயும் போயி ஜெயிலும் ஆகும். இல்லீன்னு சொல்லீரு. இல்ல, பேசாமலே இரு."

"செரிக்கா" என்றான். என் தம்பி செரிக்கா என்றால் சரி என்று அர்த்தம் இல்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

வாய்தா அன்றைக்குக் காலை பஸ்ஸில் யாக்கோபும் கிருபையம்மாவும் முன்னால் ஏறினார்கள், நாங்கள் பின்னால் ஏறினோம். பனியில் கண்ணாடியெல்லாம் வெளுத்துக் கிடந்தது. முதல் வளைவு திரும்பியதும் அந்தோணி எழுந்தான். நான் சட்டையைப் பிடித்தேன். பிடியை விடுவித்துக்கொண்டு, கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனான். நானும் பின்னாலேயே போனேன்.

"மாமா" என்றான். "நாந்தானுங்க. இருட்டுல எறிஞ்சுட்டேன். உங்களயின்னு எறியல. ஆனா எறிஞ்சது நாந்தான்."

இஞ்சின் சத்தத்தில் எங்கள் நாலு பேரைத் தவிர யாருக்கும் கேட்டிருக்காது. யாக்கோபு அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடிவாரம் வரும்வரை திரும்பவில்லை. அந்தோணி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். எல்லாம் போச்சு என்று எனக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

கோர்ட்டில் பேர் கூப்பிட்டார்கள். ஜட்ஜ் கண்ணாடிக்கு மேலாக யாக்கோபைப் பார்த்தார்.

"ராஜி ஆகலாம்னு அவங்க வக்கீல் கேக்கறாரு. உங்களுக்குச் சம்மதமா? யாராச்சும் மிரட்டுனாங்களா? ஏதாச்சும் தர்றேன்னு சொன்னாங்களா?"

யாக்கோபு தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தார். அந்தோணி கூண்டுக் கட்டையை அழுத்திப் பிடித்திருந்தான்.

"ஆரும் மிரட்டலீங்க. ஒண்ணும் தரலீங்க" என்றார் யாக்கோபு. "ராஜிங்க."

முடிந்தது. வெளியில் வந்தால் வராந்தாவில் சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா? அன்னிக்குச் சொன்ன செபம் வீண்போகல. இத நல்ல தமிழ்ல எழுதிக் குடும்மா, மேல அனுப்பணும்." எழுத மாட்டேன் என்றேன். "ஏம்மா?" என்றார். அன்றைக்குக் களத்தில் விழுந்த அடியைப் பற்றி வேண்டுமானால் எழுதுகிறேன் என்றேன். யாக்கோபும் கிருபையம்மாவும் எங்களுக்காக நிற்காமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் சும்மா ராஜி ஆகிற மனுசனை எங்கள் மலையில் யாரும் பார்த்ததில்லை. அந்த வாரமே பேச்சுக் கிளம்பிவிட்டது. மேல்லைனில், "அந்தோணி என்ன குடுத்து சரிக்கட்டுனான்?" கீழ்லைனில், "யாக்கோபு எவ்வளவு வாங்கிட்டு நம்மள வித்தான்?" சபைக்காரர்கள் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் உட்கார்ந்த பாயில் வேறு யாரும் உட்காரவில்லை.

கிருபையம்மா தண்ணீர்க் குழாய்க்கே வந்தார். இரண்டு வருசத்துக்கு அப்புறம் கீழ்லைன் குடம் ஒன்று எங்கள் குழாயடியில். பெண்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். அவர் என்னிடம் மட்டும் பேசினார்.

"பஸ்ஸுல நடந்தத நான் சொல்லீரட்டா கண்ணு? சொன்னா எங்கூட்டுக்காரரு மேல இருக்கற பழி போயிரும். ஆனா அவரு வேண்டாங்கறாரு. 'பையனுக்கு ஆர்டர் வரல. எறிஞ்சவன் அவன்தான்னு தெரிஞ்சா எவனாச்சும் பஸ்ஸு ஆபீசுக்கு மொட்டைக் கடுதாசி போட்டுருவான்'கறாரு."

"அவரே சொன்னாருங்ளா?" என்று கேட்டேன்.

"பின்ன நானா கட்டி உடறேன்?"

அப்போதும் எனக்குள் ஒன்று கேட்டது. இதைச் சொல்லி எங்கள் வாயிலிருந்து எதையோ பிடுங்கப் பார்க்கிறார்களோ? படிப்பு கொடுத்த புத்தியோ பயம் கொடுத்த புத்தியோ, எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அந்தோணியிடம் சொன்னேன். இந்தத் தடவை சொல்லு என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் இரண்டு லைனும் கூடையும் கம்பளிச் சாக்குமாக நின்றன. ரைட்டர் பேர் கூப்பிட வாயைத் திறந்தார். அந்தோணி வரிசையை விட்டு முன்னால் போனான்.

"ஒரு நிமிசங்க ரைட்டரய்யா. எல்லாரும் கேட்டுக்கங்க. யாக்கோபு மாமா எங்ககிட்ட அஞ்சு காசு வாங்கல. தேரன்னிக்கு அவரு மேல கல்ல எறிஞ்சது நாந்தான். நீயான்னு கேட்டாரு. ஆமான்னேன். அதுக்கப்பறந்தான் ராஜி சொன்னாரு."

உபதேசியார் தரையைப் பார்த்தார். இத்தனை நாள் கோயில் வாசலில் நின்று என் தம்பி எறியவில்லை என்று சத்தியம் பண்ணியவர் அவர்.

பிறகு கீழ்லைன் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "இதச் சொல்றதுக்கு யாக்கோபு உனக்கு எவ்வளவு குடுத்தாரு?"

சிலர் சிரித்தார்கள். கிருபையம்மா, "உங்க நாக்குல..." என்று ஆரம்பித்து, சாபத்தை முடிக்காமல் விழுங்கினார். யாக்கோபு குனிந்து, ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, கீழே இருந்த கூடையை எடுத்தார்.

"பேரக் கூப்பிடுங்க ரைட்டரய்யா" என்றார். "பழம் உதுந்துட்டிருக்குது."

ரைட்டர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு பேருக்கும் ஒவ்வொருத்தராக "இருக்கறேனுங்க" என்றார்கள். நான் வரிசையில் நின்றபடி, மேல்லைன் கீழ்லைன் பார்க்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். இதில் எந்த முகம் இன்றைக்குச் சாயங்காலம் உட்கார்ந்து மொட்டைக் கடுதாசி எழுதும்?